எள்ளளவு எலும்பு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் இருக்கிறது அரவேணு. அந்தப் பக்கத்துச் சரிவுகளில் தேயிலை பறிக்கும் பெண்களின் நடையை நேயர்கள் ஒருமுறை உற்றுக் கவனிக்க வேண்டும். செங்குத்தான மேட்டில் ஏறும்போது குதிகால் தரையில் பாவுவது அரிது. உடலின் பாரமும் இலைச் சுமையின் பாரமும் சேர்ந்து பெருவிரலின் அடியிலே இறங்குகின்றன. அங்கே அவற்றை ஏற்றுக் கொள்பவை, பட்டாணி அளவுள்ள இரண்டு எலும்புகள்.

பெருவிரலை மடக்கும் தசைநாருக்குள் இவை பொதிந்திருக்கின்றன. எள்ளைப் போன்றவை என்று மேனாட்டார் இவற்றுக்குப் பெயரிட்டனர். தமிழில் எள்ளுரு எலும்புகள் என்கிறோம். முழங்காற் சில்லும் இக்குலத்தைச் சேர்ந்ததே. எல்லாவற்றிலும் பெரியது அதுதான். கிணற்று ராட்டினம் கயிற்றைத் தாங்குவது போல இவை தசைநாரை உயர்த்திப் பிடித்து, அதன் இழுப்புக்கு வலுவூட்டுகின்றன.

இவற்றில் ஒன்று நோவெடுத்தால், ஒவ்வோர் அடியும் முள்ளின் மேல் வைத்தது போலாகும். காலின் மேற்புறத்தில் காயமும் இராது. வீக்கமும் பெரிதாகத் தெரியாது. ஆகவே, "வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்கிறாள்" என்ற பழியும் வலியோடு சேர்ந்து கொள்கிறது.

ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ்-கதிர்களைக் கண்டுபிடித்தார். சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ல் தோன்றியது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025-ல் திறக்கப்பட்டது. இவ்வாறு பெரிய வைத்தியம் மலையேறி வந்தது குறித்து நாம் மகிழ வேண்டியதே. ஆனால் படம் எடுப்பது பாதி வேலை. அதைப் படிப்பது மறுபாதி.

படத்தில் இந்த எலும்பு இரண்டு துண்டாகத் தெரிந்தால், "முறிந்துவிட்டது" என்று வீட்டார் கலங்குவது இயல்பு. உண்மையில் பலருக்கு இது வளரும்போதே இரண்டாக அமைந்துவிடுகிறது. பெரும்பாலும் உட்புறத்து எலும்பே அப்படி. இயற்கையாய்ப் பிரிந்த துண்டுகளின் விளிம்பு வழவழப்பாக உருண்டிருக்கும். புதிதாய் முறிந்ததன் விளிம்போ உடைந்த ஓடு போல் கரடுமுரடாயிருக்கும். விரல்களை மேலே மடக்கி, உள்ளங்கால் வழியாகக் கதிரைச் செலுத்தி எடுக்கும் படத்தில் இவை தனித்துத் தெரியும். சில முறிவுகள் முதற் படத்தில் தென்படுவதே இல்லை. அப்போது காந்த அதிர்வுப் படம் கைகொடுக்கிறது. எதுவாயினும், தொட்டால் வலிக்கும் இடமும் படத்தில் தெரியும் இடமும் ஒன்றுதானா என்று பார்ப்பதே வைத்தியரின் முதற் கடமை.

பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படாது. அவசரப்பட்டு உட்புற எலும்பை அகற்றினால் பெருவிரல் பக்கத்து விரல்களை நோக்கிச் சாய்ந்துவிடக்கூடும். வலிக்கும் இடத்தில் பள்ளம் விட்ட மெத்தையும், எளிதில் வளையாத அடிப்பாகமுள்ள காலணியும், சில வாரம் ஓய்வும் போதுமானவை.

ஓய்வு என்று எழுதிவிட்டோம். நாட்கூலியில் குடும்பம் நடத்தும் ஒருத்திக்கு அந்தச் சொல்லைத் தவிர மற்ற மருந்தெல்லாம் மலிவு. அவளைச் சில வாரம் சமதரையில், உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினால் எலும்பும் ஆறும், அடுப்பும் எரியும். காலையில் நாம் பருகும் தேநீருக்காக அந்தப் பெருவிரல் மலையேறுகிறது. அது வலிக்கிறது என்று அவள் சொன்னால், படம் வருவதற்கு முன்பே நம்பலாம்.