"சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க"



போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா. முந்திரி உடைக்கப் போகிறவர். நாலு விரலை மாற்றி மாற்றி வைத்தும் கருவி ஏற்கவில்லை. "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்றார் விற்பனையாளர். "நேத்தும் இதத்தான தம்பி சொன்ன? ரெண்டு நாள் கூலி போச்சு" என்றார் அந்த அம்மா. பின்னால் நின்றவர்கள் விற்பனையாளரைத் திட்டினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா காலிப் பையோடு போனார்.

அடுத்து நான் விரலை வைத்தேன். உடனே பில் வந்தது. அப்படியானால் சர்வர் இருந்திருக்கிறதே? வேறென்ன நடந்தது?

நான் ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்தவன். கணினி படித்ததில்லை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து, இப்போது பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் மாணவரைப் போனில் கேட்டேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

நம் சம்பளம் எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் அலுவலகம் பட்டியல் போடும். சார்நிலைக் கருவூலம் விதிப்படி சரிபார்க்கும். வங்கி பணம் தரும். தலைமையாசிரியர் நினைத்தாலும் அகவிலைப்படியைக் கூட்ட முடியாது. பெரிய மென்பொருள்களும் இப்படித்தான் மூன்று அடுக்காகக் கட்டப்படுகின்றன. நாம் பார்க்கும் திரை அல்லது கருவி முதல் அடுக்கு. விதிகளைப் பார்த்து 'கொடு, கொடுக்காதே' என்று முடிவு செய்வது நடு அடுக்கு. கணக்கையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பது கடைசி அடுக்கு.

விதியைக் கடைக் கருவியிலேயே எழுதிவிட்டால் என்ன? தமிழ்நாட்டில் 30,000-க்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள். ஒரு விதி மாறினால் அத்தனை கருவியையும் மாற்ற வேண்டும். ஏதோ ஒரு கடையில் பழைய விதியே ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் வைத்தால் ஒரு மாற்றம் எல்லாக் கடைக்கும் போய்விடும்.

இதன் பலத்தை ரயில்வேயில் நாம் எல்லோரும் பார்த்தோம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து முன்பதிவு மையங்களும் 1999-இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2002-இல் இணையத்தில் டிக்கெட் வந்தது. பிறகு கைபேசியிலும் வந்தது. முகப்பு மாறிக்கொண்டே வந்தாலும் உள்ளே இருக்கும் இருக்கைக் கணக்கு ஒன்றுதான். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை நிறுத்தினார்கள். ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் இருந்தது. கவுண்டர் கவுண்டராக ஆள் அனுப்பி மாற்ற வேண்டிய வேலை இல்லை. நாடு முழுக்க எந்தக் கவுண்டரில் கேட்டாலும், எந்தக் கைபேசியில் பார்த்தாலும் சலுகை இல்லை. கவுண்டரில் இருந்தவரிடம் சண்டை போட்டு என்ன பயன்? அவர் கையில் எதுவும் இல்லை.

இப்போது ரேஷன் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கைரேகை முறை 2020 அக்டோபரில் வந்தது. விரலை வைத்ததும் தகவல் நடு அடுக்குக்குப் போகிறது. அங்கிருந்து ஆதார் அமைப்பிடம் கேள்வி போகிறது. ஆதார் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும். இந்த வழியில் சிக்னல் போகலாம், நடுக் கணினி திணறலாம், ஆதார் பதில் தாமதமாகலாம், ரேகை பொருந்தாமல் போகலாம். நான்கும் வேறு வேறு கோளாறு. நான்குக்கும் மக்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: "சர்வர் இல்ல."

முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெய் தோலை அரிக்கும் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். வருடக்கணக்கில் உடைத்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். அந்த அம்மா நாளைக்கு வந்தாலும், நாளை மறுநாள் வந்தாலும் அதே விரல்தானே?

இதற்கு விதி இல்லாமல் இல்லை. ஆதார் சரிபார்ப்பு தோற்றது என்பதற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. ஆனால் விதி காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. நடு அடுக்கில் எழுதப்பட்டு, கடைக்காரர் திரையில் ஒரு பொத்தானாக வந்து நின்றால்தான் அது விதி. பொத்தான் இருந்தும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை என்றாலும் இல்லாத மாதிரிதான்.

கைரேகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போலி பில் போட்டு அரிசியைக் கடத்திய காலத்தையும் பார்த்தவன் நான். விதி கடைக்காரர் கையில் இல்லாமல் நடுவில் இருப்பது நல்லதே. ஆனால் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அந்த அம்மாவின் விரல் தெரிய வேண்டும்.

என் மாணவர்களில் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இந்த நடு அடுக்கை எழுதும் வேலையில் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். எந்த இடத்தில் கோளாறு என்று திரையில் தமிழில் தெளிவாக வரட்டும். ரேகை விழாதவருக்கு மாற்று வழி அதே திரையில், அதே நிமிடத்தில் திறக்கட்டும். வெறுங்கையோடு திரும்பியவர் எத்தனை பேர் என்பதும் கடைசி அடுக்கில் கணக்காக ஏறட்டும். வாங்கியவர் கணக்கை மட்டும் பார்த்தால் மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் தெரியும்.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை கடையில் கோபம் வந்தால் விற்பனையாளரைத் திட்டாதீர்கள். "ரேகை விழலையா, சிக்னல் இல்லையா, எது தம்பி?" என்று கேளுங்கள். ரேகைதான் காரணம் என்றால், "வேற வழியில போடுங்க" என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். அன்றைக்கு நான் என் அரிசியை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.

தவறாக ஏதாவது சொல்லியிருந்தால் இந்தத் துறையில் இருப்பவர்கள் கீழே திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்த உங்களுக்கு இப்போது உரிமை உண்டு.

அனைவரும் நலமாக இருங்கள்.
வடக்குத்திலிருந்து, உங்கள் சார்.