காலாவதி: யார் வழங்கும் தீர்ப்பு?

‘அது பழையது’ என்னும் சொற்றொடர் நம்மிடையே ஒரு விவரணமாக அன்றித் தீர்ப்பாகவே வழங்கி வருகின்றது. ஏழெட்டு அங்குலத் திரையுடைய பழைய டெப் கணினி ஒன்றோடு விரிவுரைக்கு வரும் மாணவரை நோக்கி, ‘இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்?’ என வினவுவோர் பலர். இவ்வாறு வினவுவோர் நாகரிக மோகத்தினர் மாத்திரமல்லர். கணினி பற்றி ஓரளவு அறிந்தோரும் அவருள் அடங்குவர். அத்தகைய கருவி பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் உரியதேயன்றி வேலைக்கு ஆகாது என்பது அவர்தம் முதற் கூற்று. அது மூப்படைந்து இயல்பாகவே செத்துவிட்டது என்பது மற்றையது. முன்னையது பாதி உண்மை. பின்னையது முழுப் பொய். அதனையே இக்கட்டுரை பெரிதும் எதிர்க்க விழைகின்றது.

சான்றாக, 2012 நவம்பரில் விற்பனைக்கு வந்த முதலாவது ஐபேட் மினியை எடுத்துக்கொள்வோம். 7.9 அங்குலத் திரை, 512 மெகாபைற் நினைவகம், ஏறத்தாழ 300 கிராம் எடை. இன்று இதிற் படிக்கலாம், எழுதலாம், மின்னஞ்சல் பார்க்கலாம். 2013இல் வந்த ஐஓஎஸ் 7 உடன் தமிழ் விசைப்பலகையும் இதில் அமைந்துவிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களை முன்னரே இறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியே வாசிக்கலாம். 2005 முதல் நூலகம் நிறுவனம் எண்ணிமப்படுத்தி வரும் ஈழத்து ஏடுகள் சற்றுச் சிரமம் தருவன; பக்கங்கள் ஒளிப்படங்களாக இருத்தலின் ஒவ்வொரு பக்கமும் தயங்கித் தயங்கியே தோன்றும். எனினும், நூலகத்திற் பழைய சஞ்சிகைத் தொகுதியொன்றை வரவழைத்துக் காத்திருந்தவர்களுக்கு அத்தயக்கம் ஒரு பொருட்டன்று.

இதன் குறைபாடுகளை மறைப்பதற்கில்லை. திரையைக் கிடையாகப் பிடித்தால் விசைப்பலகை ஏறத்தாழப் பாதித் திரையை விழுங்கிவிடும்; நெடிதாகப் பிடித்துப் பெருவிரல்களால் எழுதுவதே நன்று. இரண்டு வலைப்பக்கங்களைத் திறந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றால், முன்னையதைக் கருவி மறந்துவிடும். பெரிய அட்டவணைகளையும் புள்ளிவிபர மென்பொருள்களையும் இதில் நாடுவது வீண். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கைத் திறத்தலும் தகாது. ஆயின், கலைப்பீட மாணவரின் நாளாந்த உழைப்பிற் பெரும்பகுதி வாசித்தலும் குறிப்பெடுத்தலும் எழுதுதலுமேயன்றி வேறில்லை. அவ்வுழைப்பை ‘வேலை’ அன்று எனக் கூறுவோர் கருவியை மட்டுமன்று, படிப்பையும் இழிவுபடுத்துகின்றனர்.

இனி, இக்கருவி ‘செத்த’ வரலாற்றைக் காண்போம். இது 2015 ஜூன் வரை அப்பிள் நிறுவனத்தாற் புதிதாகவே விற்கப்பட்டது. 2016 செப்டெம்பரில் வெளிவந்த ஐஓஎஸ் 10 இதற்கு மறுக்கப்பட்டது. இறுதி மாதத்திற் பணங்கொடுத்து வாங்கியவருக்கு ஏறத்தாழப் பதினைந்து மாதங்களில் முன்செல்லும் வழி அடைபட்டது. பின்செல்ல வழமையான வழியும் இல்லை. ஐஓஎஸ் 9 இக்கருவிக்குப் பெரும் பாரமாயிற்று. வேகமாக இயங்கிய முந்திய பதிப்புக்கு மீள விரும்பினாலோ, நிறுவனத்தின் வழமையான மீட்பு முறையில் அப்பழைய பதிப்புக்கு ஒப்புதற் கையொப்பம் கிடைப்பதில்லை. கருவி உம்முடையது, அதில் எது இயங்கலாம் என்று முடிவு செய்யும் திறவுகோல் இன்னொருவருடையது. நிலத்தை விற்றபின்னும் கிணற்றை வைத்துக்கொள்ளும் உடைமையாளரை நம் கிராமங்கள் அறியும்.

அடுத்த அடி வேறு திசையிலிருந்து வந்தது. வலைத்தளம் ஒன்று தன்னை மெய்ப்பிப்பதற்குச் சான்றிதழ் காட்டுகின்றது. அச்சான்றிதழுக்கு ஆதாரமான வேர்ச் சான்றிதழைக் கருவி முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய வேர் 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியாயிற்று. அதன் புதிய வேரை ஐஓஎஸ் 9 அறியாது. ஆகவே, முதல்நாள் வரை திறந்த எண்ணற்ற தளங்கள் மறுநாள் அபாய எச்சரிக்கையோடு மூடிக்கொண்டன. கருவியில் ஓர் ஆணியேனும் கழன்றதில்லை. ஒரு கம்பியேனும் அறுந்ததில்லை. புதிய வேரைத் தாமே நிறுவி அக்கதவை மீளத் திறந்தோர் உளர். சிறியதொரு கோப்பினாற் குணமாகும் நோயை மூப்பு என அழைப்பது எவ்வகை மருத்துவம்?

பழைய கருவிகளைப் பேணுதல் இயலாத காரியம் என்பது உற்பத்தியாளர் சார்பில் வழக்கமாகக் கூறப்படும் நியாயம். அந்நியாயத்தை அவர்தம் செயலே பொய்ப்பிக்கின்றது. 2013இல் வந்த ஐபேட் மினி 2க்கு 2019இற் புதிய பதிப்புக்கள் மறுக்கப்பட்டன. எனினும், 2023 ஜனவரியில் அதே கருவிக்கு ஐஓஎஸ் 12.5.7 என்னும் பாதுகாப்புத் திருத்தம் வழங்கப்பட்டது. வேண்டும்போது இயலுகின்றது. கூகுளும் அசுஸும் 2013இல் வெளியிட்ட நெக்சஸ் 7 இன்னொரு சான்று. அதற்கு முறைப்படி கிடைத்த இறுதிப் பதிப்பு அன்ரொய்ட் 6.0.1. ஆனால் அதன் பூட்டை உரிமையாளரே திறக்கலாம் என்பதனால், லினியேஜ் ஓஎஸ் போன்ற தொண்டர் முயற்சிகள் அதன் பின்னரும் பல ஆண்டுகள் அதனை வாழவைத்தன. சம்பளம் பெறாத சிலர் செய்ததைப் பெருநிறுவனம் செய்ய இயலாதாம்! ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய சாக்குகளுக்கு ஓரளவு முடிவு கட்டியுள்ளது: 2025 ஜூன் 20 முதல் அங்கு நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயக்க மென்பொருள் இற்றைப்படுத்தல்கள் வழங்கப்படல் வேண்டும். அவ்விதி 2015இல் இருந்திருப்பின், மேற்கூறிய பதினைந்து மாதக் கதைக்கு இடமிருந்திராது.

இவையனைத்தும் கலிபோர்னியாவிலும் பிரசெல்சிலும் தீர்மானிக்கப்படுவன. நாம் என் செய்வது எனக் கைவிரிப்போருக்கு ஒன்று கூறல் வேண்டும். நம் கையிலுள்ளதும் சிறிதன்று. 2020இற் கொரோனாத் தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டுக் கற்பித்தல் இணையத்துக்குச் சென்றபோது, வீட்டிலிருந்த பழைய கருவியே பலருக்கு வகுப்பறை ஆயிற்று. 2022 மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ‘புதியது வாங்கு’ என்னும் அறிவுரை அன்று மாத்திரமன்று, இன்றும் பல குடும்பங்களுக்கு ஏளனமாகவே ஒலிக்கும். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீடித்தது. இச்சிறு கருவியின் மின்கலம் கொள்வது ஏறத்தாழ 16 வாற்றுமணி. எட்டு வாற்று மின்குமிழ் ஒன்று இரண்டு மணிநேரத்தில் அருந்தும் அளவு. அதனைக்கொண்டு மாலை முழுதும் வாசிக்கலாம். மேசைக் கணினியோ மின்சாரம் நின்ற கணமே அணைந்துவிடும்.

இத்தகைய சமூகத்தில், பத்துப் பக்க விரிவுரைக் குறிப்பைப் புதிய செயலியிலன்றித் திறக்கவியலாத வடிவில் வழங்குவதும், ஒப்படை அறிவித்தலை அசையும் படங்கள் நிறைந்த பக்கத்தில் இடுவதும் வெறும் கவனக்குறைவு அல்ல. உற்பத்தியாளர் அடைக்காமல் விட்ட கதவை நாமே அடைக்கின்றோம். புதிய இயந்திரம் பெற்ற ஆசிரியர் தம் இயந்திரத்திலேயே பரிசோதித்துத் திருப்தியுறுகின்றார். பழையதை வைத்திருக்கும் மாணவரோ கூச்சத்தினால் வாய்திறப்பதில்லை. அம்மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அறிவுலகுக்கு அழகன்று. குறிப்புக்களை எளிய பீ.டி.எப். கோப்பாகவும், ஒளிப்படமாக அன்றி எழுத்தாகவும் தருக. ஒளிப்பதிவு செய்த விரிவுரைக்கு அதன் ஒலியை மட்டும் தனிக்கோப்பாக இணைத்துத் தருக. பதிவேற்றுமுன் பத்தாண்டுப் பழைய கருவியொன்றில் ஒருமுறை திறந்து பார்க்க. அத்தகைய கருவியைத் தேடி எந்தத் துறையும் அலைய வேண்டியதில்லை. அடுத்த விரிவுரையின் பின்வரிசையிலே அது இருக்கும்.