குளிருக்கு விறகே துணை: மூணாறு லயங்களுக்கு பெல்லட் அடுப்பு தீர்வாகுமா?

மூணாறு: இடுக்கி மாவட்டம் மூணாறில் ஜனவரி மாதத்தில் வெப்பநிலை சில நாள்களில் பூஜ்ஜியம் டிகிரி வரை குறைகிறது. தேயிலைத் தோட்ட லயங்களில் வசிக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு விறகு அடுப்பின் சூடே குளிருக்குத் துணையாக உள்ளது.

2016-இல் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் சமையலுக்கு எரிவாயு வழங்கியது. ஆனால், அது குளிரைப் போக்காது என்பதால் விறகுப் புகையும் நீடிக்கிறது. வீட்டுக்குள் எழும் புகை மாசால் 2020-இல் உலகில் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

மேலைநாடுகளில் மரத்தூளை அழுத்தித் தயாரிக்கப்படும் பெல்லட், மக்காச்சோளம் ஆகியவற்றை எரிக்கும் அடுப்புகள் வீடுகளைச் சூடாக்குகின்றன. ஈரப்பதம் குறைவு என்பதால் புகையும் குறைவு. எனினும், இவ்வடுப்புகள் பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்குபவை. மின்தடை ஏற்பட்டால் அணைந்துவிடும்.

எரிபொருள் கிடைப்பதும் எளிதன்று. பாலக்காட்டில் நெல் விளைந்தாலும், வைக்கோல் கால்நடைத் தீவனமாகிறது. மத்திய அரசின் பெல்லட் கொள்கையும் அனல்மின் நிலையங்களையே முதன்மையாகக் கருதுகிறது. 2024-25 முதல் நிலக்கரியுடன் 5 சதவீதம் கலக்க அது வலியுறுத்தியது.

தொழிலாளர்களுக்கு வீட்டு வசதி அளிப்பதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகங்களின் கடமையாக்கியது. எனவே, புதிய அடுப்புக்கு முன்பாக, புகைபோக்கியும் குளிர் புகாத கதவு, கூரையும் அமைப்பதே உடனடித் தீர்வாக அமையும்.