‘பழைய துணி, நான்கு மூட்டை’

வாஷியின் பழைய குடியிருப்புகள் பல இப்போது மறுகட்டுமானத்துக்குச் செல்கின்றன. வீட்டைக் காலிசெய்யும் குடும்பங்கள் சாமான் பட்டியல் எழுதுகின்றன. சுமையேற்றிச் செல்வோருக்கு ஒரு படி, காப்பீட்டுக்கு ஒரு படி. அண்மையில் எங்கள் பகுதியில் எழுதப்பட்ட அத்தகைய பட்டியல் ஒன்றைப் படிக்க நேர்ந்தது. குளிர்பதனப் பெட்டிக்கு விலை எழுதியிருந்தார்கள், மிக்சிக்கும் எழுதியிருந்தார்கள். கடைசி வரியில் ‘பழைய துணி, நான்கு மூட்டை’ என்று இருந்தது. விலைக்கு உரிய இடத்தில் ஒரு சிறு கோடு.

அந்த மூட்டைகளில் இருந்தவை, மாட்டுங்காவிலிருந்து வாஷிக்குக் குடிவந்த ஒரு மூதாட்டி முப்பது ஆண்டுகளாகக் கோதடி தைப்பதற்கென்று சேர்த்தவை. பழம்புடவைகளை அடுக்கி, ஓட்டுத்தையலிட்டு, மேலே துண்டுத் துணிகளைப் பொருத்தித் தைக்கும் போர்வைக்கு மராத்தியில் கோதடி என்று பெயர். மும்பைத் தமிழரும் அச்சொல்லையே ஆள்கிறார்கள். மங்கள்தாஸ் சந்தையில் வாங்கிய கட்பீஸ், மசூலிப்பட்டினத்துக் கலம்காரி, கச்சிலிருந்து வந்த அஜ்ரக், மதுரைச் சுங்குடி, தாராவித் தையற்கூடங்களில் கிலோக் கணக்கில் வாங்கிய வெட்டுத்துண்டுகள் எனப் பெரும்பகுதி இன்னும் கத்தரி படாத புதுத்துணி. ‘பழைய’ என்னும் அடைமொழியே அங்கே பிழை. அந்தப் பிழையால் இழப்பது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக் காட்டவே இதை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். மராத்தியில் துணிக்கிழிசலுக்கு ‘சிந்தி’ என்று பெயர். மும்பைத் தெருப்பேச்சில் அதே சொல் அற்பமானது, மலிவானது என்னும் பொருளில் வசையாகவும் வழங்குகிறது. தமிழில் ‘கந்தை’ என்கிறோம். வறுமையின் அடையாளமாகவே அச்சொல் நம் காதில் விழுகிறது. ‘கந்தா’ என்னும் வடசொல்லோடு உறவுடைய சொல் இது. அதே வேரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படும் வங்காளத்துக் ‘காந்தா’வோ, பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வையையும் அதன் தையற்கலையையும் குறிக்கிறது. நக்‌ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. கண்காட்சிகளில் நல்ல விலையும் உண்டு. இங்கே கந்தையாகக் கிடப்பது அங்கே கலைப்பொருளாக விற்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கின. 2006இல் அவை அஞ்சல்தலைகளாயின. துணி மாறவில்லை, அதற்கு இட்ட பெயரும், பெயரிட்டவரின் செல்வாக்குமே மாறின.

காப்பீட்டிலும் பெயர்தான் முதலில் பார்க்கப்படுகிறது. 2021 ஏப்ரல் முதல் நாட்டின் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொது வரைவுப் பாலிசியை எடுத்துக்கொள்வோம். கட்டடத்துக்குக் காப்பீடு செய்தால், வீட்டிலுள்ள பொதுப்பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, தனிப்பட்டியல் கேட்காமலே காப்பு உண்டு. அதற்கு மேல் வேண்டுமெனில் விவரம் தந்து கேட்கலாம். நகை, வெள்ளி, ஓவியம், கலைப்பொருள், தொல்பொருள் போன்றவை ‘மதிப்புமிக்க பொருள்கள்’ என்னும் தனிப்பிரிவு; அதை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். அத்தொகை 5 லட்சத்துக்குள்ளும், எந்தத் தனிப்பொருளும் 1 லட்சத்துக்கு மேற்படாமலும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை.

இதில் துணிச்சேகரம் எங்கே நிற்கிறது? தைக்காத துணி பொதுப்பொருள். தைத்து முடித்த அரிய கோதடியைக் கலைப்பொருள் என்று கேட்க இடமுண்டு. கோதடி தைத்து விற்பவராயின் அந்தத் துணி வணிகச் சரக்கு, வீட்டுப் பாலிசிக்கு வெளியே. மூன்றுக்கும் மூன்று வழி. ‘மூட்டை’ என்று எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும். எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே விடை வாங்கிவிட வேண்டும்.

இனிக் கணக்கு. பொதுப்பொருளுக்கு அடிப்படை, அதுபோன்ற பொருளை இன்று வாங்க ஆகும் செலவு. 1996இல் கொடுத்த விலையோ, காயலான் கடைக்காரர் தரும் விலையோ அல்ல. ஒவ்வொரு துண்டையும் விரித்து அளக்கத் தேவையில்லை. துணியை வகைவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு மீட்டரை அளந்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு முழு அடுக்கையும் நிறுத்து, அந்த எடையால் வகுத்தால் மீட்டர் கிடைத்துவிடும். ஒரு மீட்டர் பருத்தித்துணி 160 கிராம், அடுக்கு 24 கிலோ என்றால் 150 மீட்டர். இன்றைய கடைவிலை மீட்டருக்கு 220 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 33,000 ரூபாய். இது ஒரு மூட்டைக்கு, அதுவும் எளிய பருத்திக்கு மட்டும். அஜ்ரக்கும் பட்டும் தனியே கணக்கிட வேண்டியவை. தையற்கூடத்து வெட்டுத்துண்டுகளைக் கிலோ விலையிலேயே எழுதுவது நேர்மை. தைத்து முடித்த கோதடிக்குத் துணி விலையோடு கூலியும் சேரும். கோதடி தைத்துத் தரும் மகளிர் குழு ஒன்றிடம் விலைப்புள்ளி வாங்கினால் அதுவே சான்று.

ஈடுசெய்ய முடியாதவையும் இருக்கும்: தாயின் கூறைப்புடவைக் கிழிசல், மகனின் முதற்சட்டை. இவற்றின் உணர்வுமதிப்பைக் காப்பீடு அறியாது. அதைப் பணமாக்கிப் பட்டியலில் ஏற்றினால், மற்ற எண்களின் மீதும் ஐயம் விழும். பெயரை எழுதி, துணியின் விலையை மட்டும் எழுதுவதே முறை.

இப்பாலிசியில் குறைகாப்பீட்டுக் கழிவு தள்ளுபடி செய்யப்பட்டுள்ளதே, பிறகு எதற்குப் பட்டியல் என்று சிலர் கேட்பார்கள். பாதி மதிப்புக்கே காப்பீடு செய்தவருக்கு இழப்பிலும் பாதியே தருவது பழைய முறை. அது இங்கு இல்லை என்பது உண்மை. ஆயினும், அப்பொருள் வீட்டில் இருந்தது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையதே. நனைந்து நாறும் ஒரு துணிக்குவியலைப் பார்க்கும் சர்வேயருக்கு அது கலம்காரியா, கரித்துணியா என்று எப்படித் தெரியும்? 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பை மறக்கவில்லை. தரைத்தளத்து வீடுகளில் கட்டிலுக்கு அடியில் இருந்தவையே முதலில் நனைந்தன. துணியை நாம் வைப்பதும் அங்கேதான். பாலிசியின் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும்: வெள்ளமும் தீயும் அதில் உண்டு, பூச்சி அரிப்புக்கு இடமில்லை, திருட்டோ, காப்புள்ள இடர் ஒன்றின் விளைவாக 7 நாள்களுக்குள் நடந்தால் மட்டுமே.

இன்னொரு மறுப்பும் வரும். ‘இவ்வளவு துணியைச் சேர்ப்பதே வீண், அதற்கு வேறு காப்பீடா?’ வீட்டுத் தங்கத்தைப் பற்றி எவரும் இப்படிக் கேட்பதில்லை. தங்கத்துக்குக் கிராம் விலை நாளிதழில் வருகிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் அது தெரியும். துணியின் விலை அதைச் சேர்த்த ஒருவருக்கு மட்டுமே தெரியும். பெரும்பாலும் அவர் பெண். பட்டியலை எழுதுபவர் பெரும்பாலும் அவர் அல்லர். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மீட்டர் மீட்டராகச் சேர்த்ததைக் கேட்டு எழுதாமல் ஒரு கோட்டால் தள்ளிவிடுவதை நான் கைப்பிழையாகக் கருதவில்லை. வீட்டின் உடைமை எது என்று முடிவுசெய்யும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: விண்ணப்பத்தின் எடுத்துக்காட்டுப் பட்டியலில் தொலைக்காட்சி, குளிர்சாதனம் ஆகியவற்றோடு கைத்தொழிற் சேகரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பெயர் அச்சில் இருந்தால் விலை எழுதும் துணிவு தானாக வரும்.

நண்பர்களுக்கு: மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, அம்மாவோ, அத்தையோ, மாமியாரோ சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். துணியின் பெயரை அவர் வழங்கும் சொல்லிலேயே எழுதி, பக்கத்தில் வாங்கிய இடம், ஏறத்தாழ ஆண்டு, மீட்டர், இன்றைய விலை ஆகியவற்றைக் குறியுங்கள். அடுக்கடுக்காகப் படம் எடுங்கள். ரசீது இருந்தால் அதையும் எடுங்கள். ஒரு படியை வீட்டுக்கு வெளியே, உறவினரிடமோ மின்னஞ்சலிலோ வையுங்கள். மறுகட்டுமானத்துக்காக வாடகை வீட்டுக்குப் போகிறவர்கள், பாலிசியில் முகவரியை மாற்றிய பிறகு மூட்டையைக் கட்டுங்கள்.