கவித்துவம் என்னுஞ் சொல்

பல்லாவரத்திற்கு மேற்றிசையில், தாம்பரத்திற்கு அணித்தாக விளங்குவது குன்றத்தூர். திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த பதியும், அவர் எடுப்பித்த திருநாகேச்சரம் திகழும் பதியும் அதுவேயாம். அப்பெருமான் நூலைப் பற்றிப் பேசுங்கால், “அடியார் வரலாறுகள் கவித்துவமேயன்றி உண்மையல்ல” என்பாருஞ் சிலருளர். புகழ்வார்போன்று இகழும் இவ்வழக்கு எத்துணைப் பொருத்தமுடைத்தென ஆராய்தல் சைவநன்மக்கள் கடனாம்.

முதற்கண் சொல்லை நோக்குக. கவித்துவம் வடசொல். கவி என்னும் பெயரோடு, தன்மைப்பொருள் தரும் ‘துவம்’ என்னும் விகுதி சேர்ந்து, கவியாந்தன்மை, பாடும் வன்மை எனப் பொருள்படும். தத்துவம் என்பதன்கண் நிற்பதும் அவ்விகுதியே. தத்துவம் உள்பொருளின் இயல்பைக் குறித்தலைச் சித்தாந்தம் பயின்றார் நன்கறிவர். அங்கு மெய்ம்மை தந்த விகுதி ஈண்டுப் பொய்ம்மை தருமென்றல் எங்ஙனம்? பொய்யென்னும் பொருள் பகுதியினுமில்லை, விகுதியினுமில்லை, பேசுவார் கருத்தில் மட்டுமே உளது.

“அற்றன்று, உயர்த்துக் கூறுதல் கவிகட்கு இயல்பன்றோ?” எனின், தண்டியலங்காரம் பொருளணிகள் 35-னுள் முதற்கண் வைத்தது தன்மையணியை என்க. பொருளை உள்ளவாறே விளங்கச் சொல்லுதல் அதன் இலக்கணம். உயர்த்துக் கூறும் அதிசயவணி அதற்குப் பின்னரே வருவது. தொல்காப்பியச் செய்யுளியல் தொகுத்த 34 உறுப்புக்களுள்ளும் பொய்யென்பதோர் உறுப்பு இல்லை. பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகளும் (1876–1950) தமது முல்லைப்பாட்டாராய்ச்சியில், இயற்கையின் அழகை விளக்கிக் காட்டுதலையே பாட்டின் தொழிலாகக் கண்டனர்.

சேக்கிழார் நாட்டுவளமும் நகர்வளமும் புனையுமிடத்து உயர்வுநவிற்சி உண்டென்பதை எவரும் மறார். அதனை அடியார் செயலின்மேலேற்றி, “இதுவும் புலவர் கட்டியது” என்றல் வழு. அவர்க்கு முன்னரே சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையும், நம்பியாண்டார் நம்பி திருவந்தாதியும் அருளினர். அன்றியும், முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்கள், சிறுத்தொண்டர்க்கும் சீராளர்க்கும் செப்புத் திருமேனிகள் அமைந்தமையைக் கூறுகின்றன. சேக்கிழார் இரண்டாங் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். நூற்றாண்டுக்கு முன்னரே திருமேனி கொண்டு வழிபடப்பெற்றாரது சரிதம் பிற்காலத்துப் புலவர் புனைவாதல் யாங்ஙனங் கூடும்? சரிதத்தின் நிகழ்ச்சியெல்லாம் கல்வெட்டால் நிறுவப்பட்டதென்பது ஈண்டுக் கருத்தன்று. சேக்கிழார் புனைந்ததென்னுங் கூற்று நில்லாதென்பதே கருத்து.

ஆகலின், சரிதத்தில் ஐயமுடையார் அவ்வையத்தை ஐயமென்றே வெளிப்படக் கூறுக. விடை கூறுவார் விடை கூறுவர். அது நேரிய நெறி. ஐயத்தைக் கவித்துவம் என்னும் நற்சொல்லின் பின்னே மறைத்தல், சரிதத்தையும் இழித்து, சொல்லையுங் கெடுப்பதாகும். சேக்கிழாரது கவித்துவமாவது, பழைய நூல்கள் சுருங்கக் கூறிய அன்பினைக் கற்பார் உள்ளம் உருகுமாறு விரித்துக் காட்டிய வன்மையே. அப்பொருளில் அச்சொல்லை வழங்குவார் வழங்குக. அப்பெருமானுக்கு அது அணியேயாம்.

சேக்கிழார் திருவடி வாழ்க.