மேடைக்கு முந்திய மாதங்கள்



ஆணழகன் போட்டிகளைப் பற்றிய ஆவணப்படங்களை நம் மலேசியத் தோட்டத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் ஓயாமல் பார்க்கிறார்கள். உடம்பில் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்பவனைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நிறையவே இருக்கிறது என்பது என் எண்ணம்.

1977-இல் வந்த ‘பம்பிங் அயர்ன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் பட்லரும் ராபர்ட் ஃபியோரும் இயக்கியது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் 1975-இல் நடந்த மிஸ்டர் ஒலிம்பியா போட்டிதான் களம். அர்னால்டு சுவார்சநேகர் தொடர்ந்து ஆறாவது முறையாகப் பட்டம் வென்றது அங்கேதான். ஆனால் என் மனத்தில் தங்கியவர் லூ ஃபெரிக்னோ. சிறு வயதிலேயே செவித்திறன் குன்றிய இளைஞர்; தகப்பனார் பக்கத்தில் நின்று அதட்ட அதட்ட இரும்பைத் தூக்குகிறார். போட்டியன்று காலை, ஃபெரிக்னோவின் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் அர்னால்டு, தான் ஜெயித்துவிட்டதாக தன் அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது என்கிறார், சிரித்த முகத்தோடு. மேடை ஏறும் முன்பே அந்தப் பையனின் தைரியம் பாதி கரைந்துபோகிறது.

படம் முடியும் முன் பணம் தீர்ந்தது. அதைத் திரட்ட, 1976-இல் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்தில் ஆணழகர்களையே காட்சிக்கு நிறுத்தினார்கள், கூட்டம் அலைமோதியது. படத்தில் சில பகுதிகள் சோடிக்கப்பட்டவை என்று பின்னாளில் சம்பந்தப்பட்டவர்களே ஒப்புக்கொண்டார்கள். இருக்கட்டும். பாரம் தாங்காமல் நடுங்கும் தொடையை யாரும் சோடிக்க முடியாது. மாதக்கணக்கில் சதை ஏற்றி, பிறகு கொழுப்பைக் கரைத்து, கோழி நெஞ்சுக்கறியும் முட்டையின் வெள்ளைக்கருவுமாக நாளை ஓட்டி, கடைசி நாள்களில் தண்ணீரைக்கூட அளந்து குடித்து, மேடையில் நிற்பது சில நிமிடங்கள். அந்த மாதங்களைக் காட்டுவதால்தான் இப்படங்கள் நம்மைப் பிடித்துவைக்கின்றன.

நம் வீடுகளில் உடம்பு என்பது வேலையால் ஆனது. தோளில் சுமந்த காண்டாக் கழியின் இரு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்க, மேடு பள்ளம் பாராமல் நடந்தவர்கள் நம் பாட்டன்மார். நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்தபடி செம்பனைக் குலை வெட்டியவர்கள் நம் அப்பாக்கள். ஒரு குலை இருபது கிலோவையும் தாண்டும். அந்தத் தோள்களுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. எந்தக் கேமராவும் தீம்பாருக்குள் அவர்களோடு நடக்கவில்லை. மைலோ டின்னில் சிமெண்டு ஊற்றி, குழாயில் செருகி, லயத்து வீட்டுக்குப் பின்னால் தூக்கிப் பழகும் பேரன், குடும்பத்தில் முதன்முதலாகத் தன் உடம்பைத் தனக்காக உழைக்க வைக்கிறான். அவன் ஏன் இந்தப் படங்களை இப்படிப் பார்க்கிறான் என்பது எனக்குப் புரிகிறது.

அவனுக்கு அருகிலேயே முன்னோடிகள் உண்டு. நம் நாட்டின் மாலிக் நோர் ஆறு முறை ஆசிய ஆணழகன். சசாலி சமாட் பத்து முறை உலகப் பட்டம் வென்றவர். தமிழ்நாட்டின் எஸ். பாஸ்கரன் 2019-இல் இந்தியாவின் அர்ஜுனா விருது பெற்றார்.

தம்பிகளே, இன்னும் இரண்டு படங்களையும் பாருங்கள். 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆன ரோனி கோல்மேனைப் பற்றி 2018-இல் வந்தது ஒன்று. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவர் ஊன்றுகோலோடு நடப்பதைப் பாருங்கள். மற்றொன்று, கிறிஸ் பெல் 2008-இல் தன் சகோதரர்களையும் தன்னையும் வைத்து ஸ்டீராய்டு பற்றி எடுத்தது. யார் சொன்னாலும் ஊசியின் பக்கம் போகாதீர்கள்.

சிரம்பான், நீலாய் வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்ட வாழ்வின் நினைவுகளையாவது காப்போம். சுவா பெத்தோங், லின்சம், லாபு, ஜெராம் பாடாங் என்று எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவராக இருந்தாலும், அங்கு முன்பு ஆணழகன் போட்டி நடந்திருந்து, அதன் பழைய புகைப்படம் உங்களிடம் இருந்தால் எங்களுக்கு அனுப்புங்கள். படத்தில் நிற்பவர் பெயரையும் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். கையில் கைப்பேசி உள்ள பிள்ளைகள், இன்னும் வேலைக்குப் போகும் தாத்தா பாட்டியோடு ஒரு நாள் விடியலில் போய்ப் படம் எடுத்து வாருங்கள். அவற்றுக்கு இந்த இதழில் இடம் உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்