வயலைக் காணாத ‘எக்கோசிஸ்டம்’

அண்மையில் டெல்டா பகுதியில் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ‘வேளாண் எக்கோசிஸ்டம்’ என்று திரையில் ஒரு படம் காட்டினார்கள். வங்கி, காப்பீடு, கைபேசிச் செயலி, கிடங்கு, கொள்முதல் நிறுவனம் எல்லாவற்றையும் வட்டமாக வரைந்து அம்புக்குறிகளால் இணைத்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “எல்லாம் இருக்கு சார், வயலக் காணுமே?” என்றார். கூட்டம் சிரித்தது. ஆனால், அது நியாயமான கேள்வி.

எக்கோசிஸ்டம் என்ற சொல்லை 1935-ல் அறிமுகப்படுத்தியவர் பிரிட்டன் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. செடி கொடிகளையும் விலங்குகளையும் மட்டும் தனியே பார்த்தால் போதாது; மண், நீர், வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்பதே அவர் சொன்னது. இன்று வணிகத்திலும் கணினித் துறையிலும் அந்தச் சொல் புழங்குகிறது. சொற்களின் பொருள் விரிவது இயல்பு. அதில் எனக்கு வருத்தமில்லை. வேளாண்மையிலேயே அதன் முதல் பொருள் மறந்துபோவதுதான் கவலை.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாடநூல்கள் ‘சூழ்நிலை மண்டலம்’ என்கின்றன. பேச்சில் அது ‘சுற்றுச்சூழல்’ ஆகிவிடுகிறது. சுற்றுச்சூழல் என்றதும் காடு, ஆறு, ஆலைப் புகை என்று வெளியில் இருப்பவையே நினைவுக்கு வருகின்றன. நம் வயலே ஒரு சூழல் மண்டலம் என்பது மனதில் பதிவதில்லை.

நெல்லில் புகையானை எடுத்துக்கொள்வோம். தூருக்கு ஒரு பூச்சி என்பது பொருளாதாரச் சேத நிலை. ஆனால், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சிகள் வரை பொறுக்கலாம் என்பது பரிந்துரை. ஒரே ஒரு சிலந்தி, மருந்தடிக்க வேண்டிய கணக்கையே மாற்றிவிடுகிறது. எக்கோசிஸ்டம் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. தழைச்சத்தை அள்ளிப் போட்டாலும், தண்ணீரை வடிக்காமல் தேக்கினாலும், பட்டம் விடாமல் நெருக்கி நட்டாலும் புகையான் பெருகும். சில பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தால் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் முதலில் மடியும். புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும்.

இந்தோனேசியா இதை ஒரு நாடாகவே அனுபவித்தது. பூச்சிமருந்துக்கு அரசே பெரும் மானியம் கொடுத்தது. தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகியது. 1986-ல் 57 மருந்துகளை நெல்லில் பயன்படுத்த அரசு தடை விதித்தது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் அங்கே தொடங்கின. விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கி, பயிர், பூச்சி, அதைத் தின்னும் பூச்சி, தண்ணீர், வெயில் எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைந்து, அதன் பிறகே முடிவெடுத்தார்கள். அந்தப் படத்தில் வயல்தான் நடுவில் இருந்தது.

“எண்ணிக்கொண்டிருக்க நேரம் ஏது? கடையில் சொன்னால் உடனே மருந்து தருகிறார்கள்” என்று விவசாயிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சேத நிலையைத் தாண்டினால் மருந்து தேவைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வயலில் குறுக்காக நடந்து பத்துப் பதினைந்து குத்துகளின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு தெளிப்பு மிச்சமானால் மருந்துச் செலவும் ஆள்கூலியும் மிச்சம்.

விரிவாக்கப் பணியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பரிந்துரைச் சீட்டில் பூச்சியின் பெயருக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: ‘குத்துக்கு எத்தனை சிலந்தி?’ அந்த இடம் காலியாக இருந்தால் மருந்தின் பெயரை எழுதாதீர்கள். விவசாயிகளும் கடைக்குப் போகும் முன் அந்தக் கணக்கோடு போங்கள்.